மூணாவது சாலில் ஏழாவது மரம்

(கணினி கேள்வி - பதில்)

இந்த மாதக் கடிதக்கட்டைப் பிரித்தால், ஆளாளுக்கு ஒரே இடத்தில் கல் தடுக்கியிருக்கிறது: அட்டவணையில் இருந்து ஒரு வரிசையை உருவி எடுப்பது. அதனால் வைரஸ், பிரிண்டர் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் பெயர்த் தகராறு ஒன்றைத் தீர்த்துக்கொள்வோம். பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் கிடையாகப் போவது நிரை, நெடுக்காக இறங்குவது நிரல். பக்கத்து மேசையில் கணினிப் புத்தகத்தைத் திறந்தால் புரோகிராமுக்கும் நிரல் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். "நிரலில் உள்ள நிரலை நிரல் மூலம் எடு" என்று யாராவது எழுதினால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? இந்தப் பக்கத்தில் நிரல் என்றால் நெடுக்கு வரிசைதான். புரோகிராமை புரோகிராம் என்றே சொல்லிவிடுகிறேன். தறி ஓட்டுகிறவர்களுக்கு இன்னும் சுலபம்: ஊடை நிரை, பாவு நிரல்.

இன்னொன்று. கட்டளைச் சொற்களை நம் எழுத்தில் எழுதியிருக்கிறேன், கணினியில் அவற்றை ஆங்கிலத்தில் அடியுங்கள். மாறியின் பெயரை மட்டும் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். பைத்தான் 3 மறுப்பில்லாமல் ஏற்றுக்கொள்ளும்.


கேள்வி: ஆர்டர் ஷீட்டை பைத்தான் லிஸ்டுக்குள் லிஸ்டாகப் போட்டிருக்கிறேன். ஆர்டர்[1] என்றால் நேவி கலர் முழுசாக வருகிறது. எல் சைஸ் மட்டும் எல்லாக் கலரிலும் வேண்டும் என்று ஆர்டர்[:][2] போட்டேன். மெரூன் கலர்தான் வருகிறது. எத்தனை தடவை போட்டாலும் மெரூன்தான். என்னங்க சார் இது?
– மெர்ச்சண்டைசிங் உதவியாளர், திருப்பூர்

அம்மிணி, நீங்கள் அனுப்பிய ஷீட்டை அப்படியே போடுகிறேன். இன்றைய பக்கம் முழுக்க இதை வைத்தே ஓட்டிவிடலாம். இடமிருந்து வலமாக எஸ், எம், எல், எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல்.

வெள்ளை: 120, 240, 240, 120, 60
நேவி: 100, 200, 200, 100, 50
மெரூன்: 60, 120, 120, 60, 30
கிரே மிலாஞ்ச்: 80, 160, 160, 80, 40

மொத்தம் 2340 பீஸ். பைத்தான் 0 என்று எண்ணத் தொடங்குவதால் வெள்ளை 0, நேவி 1, மெரூன் 2, கிரே 3. சைஸும் அப்படியே: எல் என்பது 2.

இப்போது நீங்கள் எழுதியதை இடமிருந்து படியுங்கள். ஆர்டர்[:] என்றால் "எல்லாத்தையும் கொடு". கொடுத்துவிட்டது, நாலு கலரும் கையில் இருக்கிறது. அதற்குப் பிறகு [2] என்கிறீர்கள். நாலு கலரில் 2 என்ற எண்ணுக்கு உரியது மெரூன். நீங்கள் நினைத்தது "எல்லாக் கலரிலும் இரண்டாம் எண் சைஸ்". நீங்கள் கேட்டதோ "எல்லாக் கலரையும் கொடு, அதில் இரண்டாம் எண் கலரைக் கொடு". அது சொன்னதைத்தான் செய்திருக்கிறது.

லிஸ்டுக்குள் லிஸ்ட் என்பதை கட்டிங் மேசையில் கிடக்கிற நாலு பண்டலாக நினைத்துக்கொள்ளுங்கள். கலருக்கு ஒரு பண்டல். நேவி பண்டலைக் கொடு என்றால் தூக்கிக் கொடுத்துவிடலாம். எல் சைஸ் பண்டலைக் கொடு என்றால்? அப்படி ஒரு பண்டலை யாரும் கட்டவே இல்லை. ஒவ்வொரு பண்டலாக அவிழ்த்து, ஒவ்வொன்றிலும் எல் சைஸை உருவினால்தான் உண்டு. அதை எழுதுவது இப்படி:

[வரி[2] ஃபார் வரி இன் ஆர்டர்]

வருவது 240, 200, 120, 160. கூட்டினால் 720. உங்கள் ஷீட்டின் அடியில் எல் சைஸுக்கு எழுதியிருக்கிற அதே 720.

இதையே நம்பை (NumPy, எண் அட்டவணைகளைக் கையாளுகிற பைத்தான் நூலகம்) தருகிற அரே என்ற அட்டவணையாக மாற்றிக்கொண்டால் பண்டல் எல்லாம் போய் ஒரே கட்டம்போட்ட மேசையாகிவிடும். அப்போது ஆர்டர்[:, 2] என்று எழுதலாம். ஒரே அடைப்புக்குள் கமா. கமாவுக்கு முன்னால் கலர், பின்னால் சைஸ். நம்பைக்கு மாறிய பிறகும் பழைய கை வாகில் ஆர்டர்[:][2] என்று எழுதினால் மறுபடியும் மெரூன்தான் வரும். அடைப்பு எத்தனை, கமா இருக்கிறதா என்று பாருங்கள்.

சொல்லும்போதே இன்னொன்று நினைவுக்கு வருகிறது. காலி அட்டவணை வேண்டும் என்று [[0]*5]*4 என்று எழுதாதீர்கள். பார்க்க நாலு நிரை மாதிரி இருக்கும், உள்ளே இருப்பது ஒரே பண்டல், அதன் மேல் நாலு லேபிள். வெள்ளையில் ஓர் எண்ணை மாற்றினால் நாலு கலரிலும் மாறும்.


கேள்வி: ஆர்டர்[:, 2] எடுத்தால் வடிவம் (4,) என்று காட்டுகிறது. ஆர்டர்[:, 2:3] எடுத்தால் (4, 1) என்கிறது. எண்கள் ஒன்றுதானே? முதலாவதை அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்ட முடியவில்லை, இரண்டாவது ஒட்டுகிறது.
– கல்லூரி மாணவர், கோபிசெட்டிபாளையம்

தம்பி, இந்த மாதக் கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கொஞ்சம் நின்று பேசலாம்.

உடுமலைப் பக்கம் எங்கள் அப்பா வைத்த தென்னந்தோப்பு. பத்துச் சால், சாலுக்குப் பன்னிரண்டு மரம், மரத்துக்கு மரம் 25 அடி. அப்பா அடிமரத்தில் சிவப்புப் பெயின்டில் எண் போட்டிருந்தார். "மூணாவது சாலில் ஏழாவது மரத்துக்கு வண்டு அடிச்சிருக்குது, பாரு" என்பார். நேரே போய் நிற்பேன். சின்ன வயதில் எனக்குக் கிடைத்த இரு பரிமாண அரே அதுதான். பைத்தானில் தோப்பு[2, 6].

இதில் இரண்டு எண் சொன்னேன், ஒற்றை மரம் கிடைத்தது. தோப்பு[2] என்று ஓர் எண் மட்டும் சொன்னால் மூணாவது சால், பன்னிரண்டு மரம், வடிவம் (12,). இனி அந்த மரங்களில் ஒன்றைச் சொல்ல "எந்தச் சால்" என்று யாரும் கேட்கப்போவதில்லை, "எத்தனையாவது மரம்" என்பது மட்டும் போதும். ஆனால் தோப்பு[2:3] என்றால்? அது "மூணாவது சாலில் தொடங்கி நாலாவதுக்கு முன்னால் நிற்கிற தோப்பு". அதில் ஒரே ஒரு சால் இருக்கிறது, சரி. இருந்தாலும் அது தோப்பு. அங்கே ஒரு மரத்தைக் காட்ட இன்னமும் சால் எண், மர எண் இரண்டும் வேண்டும். வடிவம் (1, 12).

சால் ஓர் அச்சு, மரம் இன்னோர் அச்சு என்று வைத்துக்கொள். ஆக, ஓர் அச்சில் எண் கொடுத்தால் அந்த அச்சே மறைந்துவிடும். கோலன் (:) கொடுத்தால் அச்சு நிற்கும், நீளம் ஒன்றே ஆனாலும் நிற்கும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பிழை வராது. எதை எடுத்தாலும் எண்களைப் பார்ப்பதற்கு முன் வடிவத்தை அச்சடித்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு இதனால் வந்ததுதான்.

உனக்கு ஒட்டாததற்குக் காரணம், (4, 5) என்பதற்குப் பக்கத்தில் ஒட்டுவதற்கு இரண்டு அச்சு உள்ள பொருள் வேண்டும். (4,) என்பதற்கு நிற்கிறதா படுத்திருக்கிறதா என்ற திசையே கிடையாது. 2:3 என்று எழுது, இல்லாவிட்டால் ஆர்டர்[:, [2]] என்று எழுது, இரண்டும் (4, 1) தரும்.

பிழை வந்ததே உனக்கு அதிர்ஷ்டம் என்பேன். உன் அட்டவணை 4க்கு 4 ஆக இருந்து, ஒட்டுவதற்குப் பதிலாகக் கழித்திருந்தால் பிழையே வந்திருக்காது. (4,) என்பதை நம்பை கடைசி அச்சோடு பொருத்திக்கொள்ளும். நீ கலருக்குக் கலர் கழிக்க நினைப்பாய், அது சைஸுக்குச் சைஸ் கழித்துவிட்டுச் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும்.

மற்ற மொழிகளில் எப்படி என்றும் ஒரு வரி கேட்டிருந்தாய். ஆர் மொழியிலும் ஒற்றை நிரல் எடுத்தால் அச்சு விழுந்துவிடும், விழாமல் இருக்க டிராப் = ஃபால்ஸ் என்று சேர்க்க வேண்டும். மேட்லேபில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே நிரல் எப்போதும் நிரலாகவே நிற்கும்.


கேள்வி: வெள்ளை, மெரூன் இரண்டு கலரில் எம், எக்ஸ்எல் இரண்டு சைஸ் வேண்டும். ஆர்டர்[[0, 2], [1, 3]] போட்டேன். நாலு எண் வரும் என்று பார்த்தால் 240, 60 என்று இரண்டுதான் வருகிறது. மீதி இரண்டு எங்கே?
– வாசகர், கோவை

மீதி இரண்டை நீங்கள் கேட்கவில்லை. இரண்டு பட்டியல் கொடுத்தால் நம்பை அவற்றை நுகத்தடியில் பூட்டுகிற மாடு மாதிரி ஜோடி சேர்த்துவிடும். 0க்கு 1, 2க்கு 3. வெள்ளையில் எம் 240, மெரூனில் எக்ஸ்எல் 60. வெள்ளையில் எக்ஸ்எல், மெரூனில் எம் என்ற குறுக்குச் சேர்க்கை அதன் கணக்கில் வராது. மூன்று கலர், இரண்டு சைஸ் என்று கொடுத்துப் பாருங்கள், ஒரு மாட்டுக்கு ஜோடி இல்லை என்று பிழை காட்டி நின்றுவிடும். இரண்டும் இரண்டும் என்பதால்தான் உங்களை ஏமாற்றியது.

நீங்கள் தேடுகிற நாலு கட்டத்துக்கு இரண்டு வழி. ஒன்று, இரண்டு படியாகப் போவது: ஆர்டர்[[0, 2]][:, [1, 3]]. முதல் அடைப்பு இரண்டு கலரை நிறுத்துகிறது, இரண்டாவது அதிலிருந்து இரண்டு சைஸை எடுக்கிறது. இன்னொன்று, நம்பையிலேயே இதற்கென்று இருக்கிற ஐஎக்ஸ் என்ற சார்பு (ஐஎக்ஸுக்குப் பின்னால் ஓர் அடிக்கோடு உண்டு, மறந்துவிடாதீர்கள்). அதற்குள் இரண்டு பட்டியலையும் கொடுத்து, வருவதை ஆர்டரின் அடைப்புக்குள் வைத்தால் போதும். இரண்டிலும் வருவது:

240, 120
120, 60

படித்துப் பார்க்க மட்டும் என்றால் எந்த வழியும் சரி. அந்த நாலு கட்டத்தில் புது எண் எழுத வேண்டும் என்றால் ஐஎக்ஸ் வழியில் போங்கள். இரண்டு படி வழியில் எழுதினால் நீங்கள் எழுதுவது நகலில் போய் விழும், ஆர்டர் அப்படியே இருக்கும். ஏன் என்பது அடுத்த பதிலில்.


கேள்வி: அட்டவணையில் ஒரு பகுதியை எடுத்து மாற்றினால் சில நேரம் மூல அட்டவணையும் மாறுகிறது, சில நேரம் மாறுவதில்லை. இதற்கு ஏதாவது முறை இருக்கிறதா, இல்லை அதிர்ஷ்டமா?
– வாசகி, சென்னிமலை

முறை இருக்கிறதுங்க. நான் அதைக் கற்றது ராத்திரி பதினோரு மணிக்கு, பேக்கிங் செக்‌ஷனில் நின்றுகொண்டு.

பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஒரு பனியன் கம்பெனிக்குக் கட்டிங் லிஸ்டும் பேக்கிங் லிஸ்டும் அடித்துக் கொடுக்கிற புரோகிராமை எழுதிக் கொடுத்திருந்தேன். நேவியில் டையிங் ஷேடு அடிக்கடி மாறும், செக்கிங்கில் பீஸ் கழியும், அதனால் அந்தக் கலரில் மட்டும் சைஸுக்குப் பத்துப் பீஸ் சேர்த்து வெட்டச் சொல்லியிருந்தார்கள். நான் எழுதியது இரண்டே வரி:

நேவி = ஆர்டர்[1]
நேவி += 10

கட்டிங் லிஸ்ட் சரியாக வந்தது. 110, 210, 210, 110, 60, மொத்தம் 700. கட்டிங் மாஸ்டர் வெட்டினார், தைத்தார்கள், செக்கிங்கில் வழக்கம்போலக் கொஞ்சம் கழிந்தது. கடைசி நாள் பேக்கிங் லிஸ்டை அதே ஆர்டர் அட்டவணையில் இருந்து அடித்தேன். பயர் (சரக்கு வாங்குகிற கம்பெனி) கேட்டது 650. லிஸ்டில் வந்தது 700. பேக்கிங் ஆள்கள் 700 பீஸைத் தேடுகிறார்கள். மேசைக்கு அடியில், அயர்னிங் மேசையில், காஜா பட்டன் போடுகிற இடத்தில் எல்லாம் தேடுகிறார்கள். ராத்திரி போன் வந்தது: "சார், நேவி குறையுதுங்க. யாரோ எடுத்துட்டாங்களாட்டம் இருக்குது." போய்ப் பார்த்தேன். யாரும் எடுக்கவில்லை, எல்லாம் அங்கேயே இருந்தது. லிஸ்டைத்தான் நான் கெடுத்திருந்தேன். அதற்குள் இரண்டு ஹெல்பர் பையன்களின் பையைத் திறந்து பார்த்திருந்தார்கள். அதுதான் இன்றுவரை எனக்கு உறுத்தல்.

நடந்தது என்ன? ஆர்டர்[1] என்று எடுத்தபோது நம்பை எண்களைப் பெயர்த்து எடுத்துத் தரவில்லை. "அதோ அங்கே இருக்கிறது" என்று விரலை நீட்டிக் காட்டியது, அவ்வளவுதான். நான் நேவியில் பத்துக் கூட்டினேன், உண்மையில் அது ஆர்டருக்குள்ளேயே கூடிவிட்டது. கொடுமை என்னவென்றால் நேவி = நேவி + 10 என்று எழுதியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அது புது அரே உண்டாக்கி அதற்கு நேவி என்று பெயர் வைக்கும். += என்பது இருந்த இடத்திலேயே கூட்டும். இரண்டும் ஒன்றுதான் என்று நம்பியிருந்தேன்.

எப்போது விரல் நீட்டும், எப்போது நகல் எடுக்கும்? எண், கோலன், 0:4:2 மாதிரி சீராகத் தாண்டுவது, இவற்றை வைத்து மட்டும் எடுத்தால் விரல். [0, 2, 3] என்று பட்டியல் கொடுத்தாலோ, நிபந்தனை கொடுத்தாலோ நகல். காரணம் லேசானது. "இங்கே தொடங்கு, இத்தனை அடிக்கு ஒரு முறை நில்" என்று சொல்லிவிட முடிந்தால் நகல் எடுக்க அவசியம் இல்லை. 0, 2, 3 என்பதை அப்படிச் சீரான நடையில் சொல்ல முடியாது, அதனால் அள்ளிக்கொண்டு வந்து தனியே வைக்கிறது.

சந்தேகம் வந்தால் ஆர்டர்[1].காப்பி() என்று எழுதிவிடுங்கள். நான் இப்போது சந்தேகம் வராவிட்டாலும் எழுதுகிறேன். சாதா பைத்தான் லிஸ்டில் கோலன் போட்டு எடுத்தால் புது லிஸ்ட் வரும். ஆனால் லிஸ்டுக்குள் லிஸ்ட் என்றால் வெளிப் பெட்டி மட்டுமே புதுசு, உள்ளே இருக்கிற பண்டல்கள் பழையவையே. ஆர், மேட்லேப் இரண்டிலும் இந்தப் பயம் இல்லை, எடுத்தது உங்களுடையது.

நிபந்தனை என்றேனே, அதையும் பார்த்துவிடலாம். ஆர்டர்[ஆர்டர் < 100] என்றால் நூற்றுக்குக் குறைந்த எட்டு எண்களும் ஒரே சரமாக வரும்: 60, 50, 60, 60, 30, 80, 80, 40. எது எந்தக் கலர் என்ற அடையாளம் போய்விடும். கலர் கலராக வேண்டும் என்றால் நிபந்தனையை நிரைக்குச் சொல்லுங்கள்: ஆர்டர்[ஆர்டர்[:, 4] >= 50]. டபுள் எக்ஸ்எல் ஐம்பதுக்குக் குறையாத கலர்கள், அதாவது வெள்ளையும் நேவியும், ஐந்து சைஸோடு முழு நிரையாக வந்து நிற்கும். வந்தது நகல். ஆனால் சமன்குறிக்கு இடப்பக்கம் வைத்து ஆர்டர்[ஆர்டர் < 100] = 100 என்று எழுதினால் மூலத்திலேயே மாறும், அங்கே எடுப்பது இல்லை, வைப்பது.


கேள்வி: ஏன் 0 முதல் எண்ண வேண்டும்? மனுசன் யாராவது அப்படி எண்ணுவானா?
– ஓய்வு பெற்ற கணக்காசிரியர், பொள்ளாச்சி

ஐயா, எல்லா மொழியும் அப்படி இல்லை. ஃபோர்ட்ரான், மேட்லேப், ஆர், ஜூலியா எல்லாம் உங்கள் கட்சி, 1 என்றே தொடங்கும். சி வழி வந்தவையும் பைத்தானும் 0 கட்சி. 1982ல் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற டச்சுக் கணினி அறிஞர் இதற்காகவே ஒரு குறிப்பு எழுதினார். தொடக்கத்தைச் சேர்த்து, முடிவைச் சேர்க்காமல் எழுதினால் கழித்த விடையே எண்ணிக்கை என்பது அவர் வாதத்தில் ஒரு பகுதி. 1:3 என்றால் 3 - 1, இரண்டு நிரை. 0:3, 3:5 என்று அடுத்தடுத்து வெட்டினால் இடையில் ஒன்று விடுபடவும் செய்யாது, இரண்டு முறை வரவும் செய்யாது. துணி வெட்டுகிறவர்களுக்கு இது பிடிக்கும்.

ஆனால் பாண்டாஸ் (நிரை, நிரலுக்குப் பெயர் வைத்துக்கொள்ள விடுகிற பைத்தான் நூலகம்) பயன்படுத்துகிறவர்கள் உஷார். அங்கே எண் சொல்லி எடுக்கிற ஐலாக் இதே முறைதான், முடிவு சேராது. லாக் என்பதில் பெயர் சொல்லி 'எம்':'எக்ஸ்எல்' என்று எடுத்தால் எக்ஸ்எல்லும் சேர்ந்து வரும். பெயர் என்று வந்துவிட்டால் "எக்ஸ்எல்லுக்கு முந்தினது வரை" என்று சொல்ல அடுத்த பெயர் தெரிய வேண்டும் இல்லையா, அதனால் இந்த ஏற்பாடு. எனக்கு நியாயமாகவே படுகிறது.


கேள்வி: நிரை வாரியாக எடுப்பதை விட நிரல் வாரியாக எடுப்பது மெதுவாக இருக்குமா? எங்கள் ஆபீசில் ஒருவர் அப்படிச் சொல்கிறார்.
– வாசகர், பெருந்துறை

சொல்கிறவர் பாதி சரி. எந்த மொழி, எவ்வளவு பெரிய அட்டவணை என்பதைப் பொறுத்தது.

கணினியின் நினைவகத்தில் நிரை, நிரல் எதுவும் கிடையாது. பத்துச் சால் தோப்பை வேரோடு பிடுங்கி, பிஏபி (பரம்பிக்குளம் - ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் கரையில் ஒரே நீள வரிசையாக 120 மரத்தையும் நட்ட மாதிரி. முதல் சாலின் பன்னிரண்டு, அதை ஒட்டி இரண்டாம் சாலின் பன்னிரண்டு, இப்படி. சி, நம்பை இரண்டும் பொதுவாக அடுக்குவது இந்த முறையில்தான். மூணாவது சால் முழுசும் வேண்டும் என்றால் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு சாலிலும் ஏழாவது மரம் வேண்டும் என்றால் பன்னிரண்டு மரத்துக்கு ஒருமுறை நின்று நின்று போக வேண்டும்.

நடப்பதாவது பரவாயில்லை. கணினி ஓர் எண்ணைக் கேட்டால் ஒன்றை மட்டும் கொண்டுவராது. இப்போதைய செயலிகள் பெரும்பாலும் 64 பைட்டாக அள்ளும். எண்ணுக்கு 8 பைட் என்றால் ஓர் அள்ளலில் எட்டு எண். நிரை வாரியாகப் போனால் எட்டும் பயன்படும். நிரல் வாரியாகப் போனால் ஒன்றை எடுத்துக்கொண்டு ஏழைத் தூக்கி எறிகிறோம். அம்மிணியின் 4க்கு 5 அட்டவணையில் இது தெரியவே தெரியாது. பத்தாயிரத்துக்குப் பத்தாயிரம் என்றால் 80 கோடி பைட், அங்கே நன்றாகவே தெரியும்.

ஃபோர்ட்ரானில் எல்லாம் தலைகீழ். 1957ல் ஐபிஎம்மில் ஜான் பேக்கஸ் குழு கொண்டுவந்த மொழி அது, நிரல் நிரலாக அடுக்கும். மேட்லேப், ஆர், ஜூலியா மூன்றும் அந்த வழிதான். எண்பதுகளில் கோவையில் படித்தபோது நான் முதலில் கற்றது ஃபோர்ட்ரான். ஒரே டெர்மினல், முன்னால் எட்டுப் பேர். பிறகு சி மொழிக்கு வந்து அதே பழக்கத்தில் வெளி லூப்பில் நிரலையும் உள் லூப்பில் நிரையையும் வைத்துக்கொண்டு, புது மெஷின் ஏன் இப்படி இழுக்கிறது என்று மெஷினைத் திட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு லூப்பையும் இடம் மாற்றினால் போதும் என்று சொல்லித்தர ஆள் இல்லை.

ஆர்டர்.டி (ஆங்கிலப் பெரிய எழுத்து T) என்று எழுதினால் நிரையும் நிரலும் இடம் மாறுமே, அதில் எண் எதுவும் நகர்வதில்லை. நடக்கிற வழி மட்டும் மாறுகிறது. எத்தனை பெரிய அட்டவணை ஆனாலும் நொடியில் முடிவது அதனால்தான். அதுவும் விரல் நீட்டுவதுதான், நகல் அல்ல.


கேள்வி: 52 வாரம், விரலி - கிழங்கு என இரண்டு ரகம், நாலு சந்தை. மஞ்சள் விலையை மூன்று அச்சாகப் போட்டு வைத்திருக்கிறேன். எதை எடுத்தால் எது வரும் என்று தலை சுற்றுகிறது. சராசரிக்கு ஆக்சிஸ் 0 போடுவதா, 2 போடுவதா?
– மஞ்சள் வியாபாரி, ஈரோடு

தலை சுற்ற வேண்டாம், கோபி தம்பிக்குச் சொன்னதேதான். வடிவம் (52, 2, 4) என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எண் கொடுத்த இடத்தை அடித்துவிடுங்கள், மிஞ்சுவது விடை. விலை[:, 0, :] என்றால் நடுவில் எண், 2 அடிபடும், (52, 4). விரலியின் வருட விலை, நாலு சந்தைக்கும். விலை[-1] என்றால் கடைசி வாரம், (2, 4). விலை[-4:, 0, :] என்றால் கடைசி நாலு வாரத்து விரலி, (4, 4). விலை[..., 1] என்று மூன்று புள்ளி வைத்தால் "முன்னால் எத்தனை அச்சு இருந்தாலும் அப்படியே விடு, கடைசியில் 1 என்ற சந்தையை எடு" என்று பொருள், (52, 2).

சராசரிக்கும் அதே வேலை. ஆக்சிஸ் என்று எதைச் சொல்கிறீர்களோ அது மறையும். ஆக்சிஸ் 0 என்றால் வாரம் கரைந்து (2, 4): ஒவ்வொரு சந்தையிலும் ஒவ்வொரு ரகத்தின் வருடச் சராசரி. ஆக்சிஸ் 2 என்றால் சந்தை கரைந்து (52, 2): வாரா வாரம் ரகத்துக்கு ஒரு சராசரி. எது வேண்டும் என்று கேட்காதீர்கள், எது போக வேண்டும் என்று கேளுங்கள்.

ஓர் இடத்தில் இந்தத் தாள் வித்தை பொய்க்கும். விலை[0, :, [0, 1, 3]] என்று எழுதினால் (2, 3) வர வேண்டும், ஆனால் (3, 2) வரும். எண்ணும் பட்டியலும் நடுவில் ஒரு கோலனால் பிரிந்து நின்றால், பட்டியலின் அச்சை நம்பை முன்னால் கொண்டுபோய் வைத்துவிடும். ஏன் அப்படி என்று விளக்கினால் இந்த இதழ் போதாது. விலை[0][:, [0, 1, 3]] என்று இரண்டாகப் பிரித்து எழுதுங்கள், (2, 3) வரும்.


கேள்வி: இவ்வளவு எதற்கு, எக்செல்லில் செய்தால் போதாதா?
– வாசகர், தாராபுரம்

நாலு கலர், ஐந்து சைஸுக்குத் தாராளமாகப் போதும். முன்பெல்லாம் ஒரு ஷீட்டில் 65,536 நிரை, 256 நிரல்தான். 2007 பதிப்பில் இருந்து 10,48,576 நிரை, 16,384 நிரல். உங்கள் ஊர்க் கணக்கு முழுசும் அடங்கும்.

நிரல் எடுக்கிற வசதியும் அங்கே உண்டு. இன்டெக்ஸ் சூத்திரத்தில் முதலில் அட்டவணை, அடுத்து நிரை எண், அடுத்து நிரல் எண். எக்செல் 1 என்று எண்ணத் தொடங்குவதால் 0 சும்மாதானே கிடக்கிறது? அதற்கு "எல்லாம்" என்று வேலை கொடுத்துவிட்டார்கள். நிரை எண்ணுக்கு 0, நிரல் எண்ணுக்கு 3 என்று கொடுத்துப் பாருங்கள், எல் சைஸ் முழுசாக வந்து நிற்கும். பொள்ளாச்சி ஐயாவுக்கும் இதைக் காட்டுங்கள்.